முதற்பதிப்பு: நையாண்டி நாவல்கள் வழியாக ஓர் அறிமுகம்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பழைய புத்தகங்களையும் விரித்து வைத்திருப்பார்கள். அங்கே ஒரு நாவலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தாளின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். தாள் பழுப்பேறி ஓரம் பொடிந்தால் பழைய புத்தகம், பழைய புத்தகம் என்றால் முதற்பதிப்பாக இருக்கும் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மட்டமான மரக்கூழ்த் தாளில் 1985-ல் அடித்த நாவல், நல்ல தாளில் 1925-ல் அடித்ததைவிடச் சீக்கிரம் பழுத்துவிடும். நம் ஊர்க் கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு நூல் முதன்முதலில் எந்த வடிவில் அச்சாகி வாசகர் கைக்கு வந்ததோ, அந்த வடிவம்தான் முதற்பதிப்பு. 1726-ல் வந்ததற்கும் முதற்பதிப்பு உண்டு, போன மாதம் வந்ததற்கும் உண்டு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ‘முதன்முதலில்’ என்பதை எப்படி முடிவு செய்வது என்று இறங்கினால் விஷயம் சுவாரஸ்யமாகச் சிக்கலாகிவிடும். அந்தச் சிக்கலைக் கற்றுக்கொள்ள நையாண்டி நாவல்களைவிட நல்ல வழி கிடையாது என்பது என் கட்சி. அரசனையும் மதகுருவையும் அதிகாரியையும் கிண்டல் செய்தவர் தன் பெயரை மறைத்தார். அச்சிட்டவர் பயந்துபோய் வரிகளை வெட்டினார். ஊர் பெயர் போடாமல், பொய்ப் பெயர் போட்டு, இரவோடு இரவாக விற்றார்கள். காதல் கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. நையாண்டி நாவலின் முதற்பதிப்பில் அந்தப் பயமும் குறும்பும் தலைப்புப் பக்கத்திலேயே தெரியும்.

முதலில் பதிப்பு, அச்சு என்ற இரண்டையும் பிரித்துக்கொள்வோம். பழைய முறையில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பக்கம் கட்டுவார்கள். அப்படி ஒரு தடவை கட்டிய பக்கங்களிலிருந்து அடித்த பிரதிகள் எல்லாம் ஒரு பதிப்பு. பக்கங்களைக் கலைக்காமல் வைத்திருந்து, விற்றுத் தீர்ந்ததும் இன்னும் ஓர் ஆயிரம் அடித்தால் அது அதே பதிப்பின் இரண்டாம் அச்சு. எழுத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கோத்தால் அது இரண்டாம் பதிப்பு. சேகரிப்பவர் ஒருவர் வெறுமனே ‘முதற்பதிப்பு’ என்று சொன்னால் முதற்பதிப்பின் முதல் அச்சைத்தான் சொல்கிறார். தமிழ்ப் பதிப்பகங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் போடுவது அபூர்வம். ஓர் எழுத்துகூட மாறாத மறு அச்சையும் ‘ஏழாம் பதிப்பு’ என்றுதான் போடுவார்கள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, விடுங்கள்.

முதல் அச்சுக்குள்ளேயே வேறுபாடு வருவதும் உண்டு. மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் 1885 அமெரிக்கப் பதிப்பில், 57-ஆம் பக்கத்தில் ‘சா’ (saw) என்று வர வேண்டிய ஆங்கிலச் சொல் எழுத்து இடம் மாறி ‘வாஸ்’ (was) என்று அச்சாகியிருந்தது. பிறகு யாரோ பார்த்துத் திருத்தினார்கள். ஆகவே பிழையுள்ள பக்கம் முந்தியது, திருத்திய பக்கம் பிந்தியது. பிழை இருந்தால் மதிப்பு கூடும் என்ற இந்தத் தலைகீழ் நியாயம் புத்தகச் சேகரிப்பில் சகஜம். இதில் இன்னொரு வம்பும் உண்டு. அதே நாவல் லண்டனில் 1884 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அப்படியானால் எது முதல்? தேதிப்படி லண்டன் பதிப்பு. ஆனாலும் எழுத்தாளரின் சொந்த நாட்டுப் பதிப்பைத்தான் தேடுவேன் என்பவர்கள் அமெரிக்கப் பதிப்பின் பக்கம் நிற்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது.

ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய கலிவர் பயணக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அது குள்ள மனிதர்கள் வரும் குழந்தைகள் கதை. உண்மையில் அது அன்றைய இங்கிலாந்து அரசியலையும் அறிவாளிகளையும் கிழித்துத் தோரணம் கட்டிய நாவல். 1726 அக்டோபர் 28 அன்று லண்டனில் பெஞ்சமின் மோட் என்பவர் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அட்டையில் ஸ்விஃப்ட் பெயர் கிடையாது. லெமுவேல் கலிவர் என்ற கப்பல் தலைவர் தானே எழுதியதாகத் தலைப்புப் பக்கம் சாதிக்கும், உள்ளே கலிவரின் படம்கூட இருக்கும். அந்தப் படத்தில் பெயர் கீழே தனியாக வரிகளாக இருந்தால் முந்திய நிலை, நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றி ஓடினால் பிந்திய நிலை. கையெழுத்துப் பிரதியையே இருட்டில் வாடகைக் குதிரை வண்டியிலிருந்து மோட் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்களாம். ஸ்விஃப்டின் நண்பரான ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறார்.

வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து மோட் பல இடங்களில் வாசகத்தை மாற்றினார். ஸ்விஃப்ட் கொதித்துப் போனார். 1735-ல் டப்ளினில் ஃபால்க்னர் வெளியிட்ட பதிப்பில்தான் அவர் விருப்பத்துக்கு நெருக்கமான வாசகம் வந்தது. லிண்டலினோ என்ற நகரம் அரசனை எதிர்த்துக் கிளர்ந்தெழும் பகுதி அதிலும் இடம்பெறவில்லை, 1899-ல்தான் அச்சேறியது. ஆக, கலிவரின் முதற்பதிப்பு ஆசிரியர் எழுதியபடி இல்லாத பதிப்பு. அப்படியிருந்தும் சேகரிப்பவர்கள் மோட் பதிப்பைத்தான் தேடுகிறார்கள், 1735-ஐ அறிஞர்கள் தேடுகிறார்கள். நல்ல வாசகம் வேண்டும் என்றால் இன்றைய ஆய்வுப் பதிப்பு ஒன்றை வாங்கிப் படிக்கலாம். முதற்பதிப்பில் தேடுவது வேறு. 1726-ல் லண்டன் கடையில் ஒருவர் கையில் எடுத்தது எதுவோ, அவர் சிரித்த வரி எதுவோ, அச்சிட்டவர் பயந்து வெட்டிய இடம் எதுவோ, அது அப்படியே வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் வால்டேரின் ‘கான்தீத்’. 1759 தொடக்கத்தில் வெளிவந்தது. அந்த நேரத்தில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? முந்தைய ஆண்டு ஜூன் மாதம்தான் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தது. கான்தீத் பாரிஸ் கடைகளுக்கு வந்தபோது லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பினார். 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் விழுந்தது. தோற்ற குற்றத்துக்காக 1766-ல் பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். போரில் தோற்ற தளபதியை அரசே கொல்லும் அபத்தத்தை வால்டேர் ஏற்கெனவே கான்தீத்தில் ஓர் ஆங்கிலக் கடற்படைத் தளபதியை வைத்துக் கிண்டல் செய்திருந்தார். பின்னாளில் லாலியின் மகனோடு சேர்ந்து அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதியவரும் அவர்தான். 1778-ல் தீர்ப்பு ரத்தான செய்தி மரணப் படுக்கையில் அவருக்கு எட்டியது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். கான்தீத் முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் வால்டேர் பெயர் இல்லை, ஊர் இல்லை, அச்சகம் இல்லை. ‘டாக்டர் ரால்ஃப் ஜெர்மன் மொழியில் எழுதியதன் மொழிபெயர்ப்பு’ என்று ஒரு புளுகு மட்டும் இருக்கும். ஜெனிவாவில் கிரேமர் அச்சகத்தில் அடித்து, தடை வருவதற்குள் பல ஊர்களில் ஒரே சமயத்தில் விற்பனைக்கு விட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் திருட்டுப் பதிப்பு போட்டார்கள். 1759 என்ற ஆண்டைத் தாங்கி மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் இருக்கின்றன, பலவற்றில் ஊர் பெயரே இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? பக்க எண்ணிக்கை, அலங்கார அச்சு, பிழைகள் இவற்றை ஒப்பிட்டு அறிஞர்கள் வரிசைப்படுத்தினார்கள். ஜெனிவாப் பதிப்பு 299 பக்கம். ஆண்டைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 1761-ல் வால்டேர் கொஞ்சம் சேர்த்து எழுதினார். அதையும் சும்மா போடவில்லை. டாக்டர் ரால்ஃப் இறந்தபோது அவர் சட்டைப்பையில் கிடைத்த கூடுதல் பக்கங்கள் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டார்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘ட்ரிஸ்ட்ரம் ஷாண்டி’ 1759 முதல் 1767 வரை ஒன்பது தொகுதிகளாக வந்தது. திருட்டுப் பதிப்புக்குப் பயந்து 5, 7, 9-ஆம் தொகுதிகளில் ஆசிரியரே ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ முதற்பதிப்பு 4,500 பிரதிகள். உள்ளே 1945 மே என்று அச்சாகியிருக்கும், ஆனால் போர்க்காலத் தாள் பஞ்சத்தால் கடைக்கு வந்தது ஆகஸ்ட் 17-ல். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் அட்டைமேல் போர்த்தியிருக்கும் காகித மேலுறை இல்லாவிட்டால் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவையெல்லாம் நம் பர்ஸுக்கு எட்டாதவை. நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழுக்கு வந்தால் நிலைமை வேறு.

தமிழ் உரைநடை நையாண்டிக்கு மூத்தது பரமார்த்த குரு கதை. விருத்தாசலம் பக்கம் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் எழுப்பிய அதே வீரமாமுனிவர் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், அவர்களுக்கேற்ற குரு. வீரமாமுனிவர் 1747-ல் இறந்தார். கதை அச்சானது 1822-ல், அதுவும் லண்டனில், பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு. எழுதியவர் இறந்து எழுபத்தைந்து ஆண்டு கழித்து, கடல் கடந்து வந்த அந்தப் புத்தகம்தான் அதன் முதற்பதிப்பு. நூல் எழுதப்பட்ட காலமும் முதற்பதிப்பின் காலமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அங்கே அவர் எழுதிய ‘சின்னச் சங்கரன் கதை’ தமிழின் அருமையான நையாண்டி முயற்சிகளில் ஒன்று. சுப்பிரமணிய சிவாவின் ‘ஞானபாநு’ இதழில் வந்து, முடியாமலே நின்றுபோனது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘பொன் வால் நரி’ என்ற சின்ன நையாண்டிக் கதை 1914-ல் தனிச் சிறுநூலாக வந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரைக் குறிவைத்த கதை. சிறுநூல்கள்தான் சேகரிப்பில் மிகவும் அரியவை. கெட்டி அட்டைப் புத்தகத்தை யாரும் சட்டென்று தூக்கிப்போட மாட்டார்கள், நான்கு தாள் மடித்துப் பின் அடித்ததைக் கடலை மடிக்கக் கொடுத்துவிடுவார்கள். கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனை விடமாட்டார்கள். நாவல் என்ற வேலியைக் கொஞ்சம் தளர்த்தினால், 1940-ல் வந்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ எந்தத் தமிழ் நையாண்டிச் சேகரிப்பிலும் தலைமாட்டில் இருக்கவேண்டியது. பிற்கால நாவல்களில் நான் முதலில் கைகாட்டுவது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. 1981, க்ரியா வெளியீடு. இலக்கிய உலகத்தையே பகடி செய்த நாவல்.

தமிழில் இன்னொரு விசேஷம் தொடர்கதை. நகைச்சுவை நாவல்களில் பெரும்பகுதி வாரப் பத்திரிகையில்தான் முதலில் வந்தது. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ ஆனந்த விகடனில் கோபுலு படங்களோடு வாராவாரம் வந்தபோது வீட்டுப் பெண்கள் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்தார்கள். பழைய வீடுகளின் பரணில் இன்றும் இப்படிப்பட்ட பைண்டு வால்யூம்கள் கிடைக்கும். அது முதற்பதிப்பா? இலக்கணப்படி இல்லை, புத்தகமாக முதலில் வந்ததுதான் முதற்பதிப்பு. ஆனால் கதை முதலில் வாசகரைச் சந்தித்த வடிவம் இதுதான். படங்கள், பக்கத்து விளம்பரங்கள், வீட்டில் யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் இதில் இருக்கும், புத்தகத்தில் பல சமயம் படங்களையே குறைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், தமிழ் நகைச்சுவை நாவலுக்குப் பைண்டு வால்யூம் முதற்பதிப்பைவிட ஒரு படி மேல். சம்பிரதாயமான சேகரிப்பாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி, கையில் இருப்பது முதற்பதிப்புதானா என்று எப்படிப் பார்ப்பது?

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அங்கே ‘முதற்பதிப்பு’ என்று இருந்தால் உடனே துள்ள வேண்டாம். தமிழில் ஒரு நூல் வேறு பதிப்பகத்துக்கு மாறும்போது, புதிய பதிப்பகம் தன்னுடைய முதல் பதிப்பு என்ற அர்த்தத்தில் மறுபடியும் ‘முதற்பதிப்பு’ என்றே போடுவது வழக்கம். நாட்டுடைமை ஆன எழுத்தாளர் என்றால் இன்னும் மோசம். புதுமைப்பித்தனுக்கு எத்தனை பதிப்பகம் உண்டோ அத்தனை ‘முதற்பதிப்பு’ உண்டு. ஆகவே அந்த நூலை முதலில் வெளியிட்டது யார், எந்த ஆண்டு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகவேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய நூல்களின் படிகள் இருக்கின்றன. தலைப்புப் பக்கத்தை அங்கே பார்த்து ஒப்பிடலாம்.

பதிப்பு விவரமே இல்லாவிட்டாலும் புத்தகம் தன் வயதைச் சொல்லிவிடும். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் அடித்தது. பதிப்பகத்தின் முகவரியில் ‘சென்னை-14’ என்று இருந்தால் பழையது. ‘600 014’ என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, ஏனென்றால் பின்கோடு அப்போதுதான் வந்தது. ‘முதற்பதிப்பு 1955’ என்று மட்டும் போட்டு, முகவரியில் பின்கோடும் போட்டிருக்கும் புத்தகம் சந்தேகமில்லாமல் மறு அச்சு. இந்தப் பொருத்தமின்மை ஒன்றைப் பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. யானைத் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வழக்கம். ஆனால் பழைய ஈய எழுத்தை வைத்திருந்த அச்சகங்கள் அதற்குப் பிறகும் அதையே ஓட்டின, அதனால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘கடலூர், தென்னாற்காடு மாவட்டம்’ என்று அச்சக முகவரி இருந்தால் பெரும்பாலும் 1993-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தியது.

கண்ணை மூடிக்கொண்டும் ஒரு சோதனை செய்யலாம். பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள். ஈய எழுத்தில் அடித்த தாளில் எழுத்து அழுந்திய மேடு பள்ளம் லேசாகத் தட்டுப்படும். ஆஃப்செட்டில் அடித்தது வழவழவென்று இருக்கும். 1950-ஆம் வருடத்துப் புத்தகம் என்று சொல்லித் தரும் தமிழ் நாவல் வழவழப்பாக இருந்தால் அது பழைய பக்கங்களைப் படம் பிடித்துப் பின்னாளில் அடித்த படிமப் பதிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நிலைமையையும் பார்க்கவேண்டும். மேலட்டையைக் கழற்றி ஓரத்தை வெட்டிக் காலிகோ பைண்டிங் போட்ட நூலகப் பிரதி படிப்பதற்கு உறுதியானது, சேகரிப்புக்குக் கடைசித் தேர்வு. நூலக முத்திரை இருந்தால் ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது எங்கிருந்தோ கிளம்பி வந்த புத்தகம், தொடாதீர்கள். இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை எழுத்தைத் தின்னாதவரை பொறுத்துக்கொள்ளலாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் சேகரிப்பவருக்குப் பூச்சியைவிடப் பெரிய எதிரி ஈரம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவேதான் கரையேறியது. புத்தக அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அடித்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கண்ணாடிக் கதவைப் பூட்டியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெயில் அடிக்கும் நாளில் திறந்து வையுங்கள். புத்தகத்தையே வெயிலில் காயப்போடக் கூடாது. வசம்புத் துண்டைத் துணியில் கட்டி மூலையில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம், கெடுதல் இல்லை. கிழிந்த பக்கத்துக்குச் செல்லோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும்.

வாங்குவதற்கு முன் பார்த்துப் பழகுங்கள். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. முதற்பதிப்புகளுக்கென்றே பெயர் பெற்றது புதுக்கோட்டை ஞானாலயா, ஒரு நாள் ஒதுக்கிப் போய் வரலாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ்ப் பதிப்புகள் மலைபோல இருக்கின்றன.

முதல் செலவை 1960 முதல் 1990 வரை வந்த தமிழ் நையாண்டி நாவல்களில் வையுங்கள். கிடைக்கும், விலையும் கையைச் சுடாது. பிடித்த ஒரே எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு அவருடைய எல்லா முதற்பதிப்பையும் தேடுவது, பத்துப் பேரைத் துரத்துவதைவிட நல்லது. கூடவே, நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது அந்த வருடம் வந்த புதிய நையாண்டி நாவலையும் ஒன்று வாங்கிவிடுங்கள். இப்போது பல பதிப்பகங்கள் தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அவ்வப்போது அடிக்கின்றன. எல்லாவற்றிலும் ‘முதற்பதிப்பு’ என்றுதான் இருக்கும். எது முதலில் அடித்த கட்டு என்று பின்னால் சொல்ல வேறு தடயமே இருக்காது. அதனால் பில்லைப் புத்தகத்துக்குள்ளேயே வைக்காமல் (அந்தத் தாளின் மை பக்கத்தில் ஒட்டும்) தனி உறையில் போட்டு வையுங்கள். வாங்கிய தேதியையும் இடத்தையும் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால், மெல்லிசாக எழுதி வையுங்கள். பேனா கூடாது.